வாழ்த்தும் வாய்மையும்

மனிதர் ஒருவரோடொருவர் பரிமாறிக்கொள்ளும் சொற்களுள் மிக மலிந்து போனது வாழ்த்து எனலாம். சித்திரை பிறக்கும்போது அமைச்சர் வாழ்த்துகிறார். அவரை எதிர்ப்பவரும் வாழ்த்துகிறார். வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம்கூடக் கடன்பட்டவரின் கைப்பேசிக்குத் தவறாது வாழ்த்து அனுப்புகின்றது. நோயும் வறுமையும் நீங்கி எல்லா வளமும் பெற்று வாழ்க என்னும் அச்சொற்களை அனுப்பியவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெற்றவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கைமாறிக் கைமாறி முகம் அழிந்துபோன பழைய சதம்போல அச்சொல் தேய்ந்து கிடக்கின்றது.

ஆயினும் இச்சொல்லை எண்ணிப் பாராமல் உச்சரிக்க முடியாத ஓரிடம் உண்டு. தீராத நோயுடன் வாழ்வோர் ஒன்றுகூடும் இடமே அது. தம் நோய் இனித் தீராது என்று அறிந்த ஒருவர், அவ்வாறே அறிந்த இன்னொருவரைப் பார்த்து, "இவ்வாண்டு உங்களுக்கு நல்லாண்டாக அமைக" என்கிறார். இது வாய்மையாகுமா? தன் வீட்டிலே பேரப்பிள்ளை பிறந்த செய்தியை, போரிலே பிள்ளைகளை இழந்து பக்கத்துக் கட்டிலிற் கிடக்கும் ஒருவரின் முன்னே மகிழ்ந்து கூறுகிறார். இது அறமாகுமா? இவ்வாறு வாழ்த்தியும் வீட்டுச் செய்தி பேசியும் ஆறுதல் பெறும் மக்கள், தமக்கு நியாயமாக வரவேண்டியதைக் கேட்க மறந்துவிட மாட்டார்களா? இது சமுதாயத்துக்கு நன்மையாகுமா? இம்மூன்று வினாக்களையும் வன்னி மண்ணில் நின்று ஆராய விரும்புகின்றோம்.

வன்னியில் இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் கண்டி வீதியில் மாங்குளம் என்றொரு சந்தி உண்டு. அவ்வூரைத் தளமாகக் கொண்டு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட அமைப்பின் பெயர் 'உயிரிழை'. முள்ளந்தண்டின் ஊடாக ஓடும் நரம்பு வடம் அறுந்தால் அதற்குக் கீழேயுள்ள உடம்பு அசைவையும் உணர்வையும் இழக்கின்றது. சலமும் மலமும் கட்டுப்பாட்டை மீறுகின்றன. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் தோல் நசிந்து புண்ணாகும், அப்புண் வலிக்காது, வலிக்காதபடியால் அது எலும்புவரை சென்ற பின்னரே தெரியவரும். இந்நோயாளரைப் பெரும்பாலும் கொல்வது முதற்பட்ட காயமன்று. பின்னாலே வரும் படுக்கைப் புண்ணும் சலத்தொற்றுமே கொல்கின்றன. ஆதலால் இவர்களில் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு இன்னொருவரின் கண் வேண்டும். தன் முதுகைத் தானே எவராலும் பார்க்க முடியாதல்லவா?

போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தாலும் அது விட்டுச் சென்ற இத்தகைய உடம்புகளோடு வன்னி வாழ்கின்றது. இதனோடு வேறொரு நோயும் வயல்வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து போவதை, 1990களில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் கண்டறிந்தனர். மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிலே பெருகிய அந்நோய் அவற்றை அடுத்துள்ள வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் இரசாயனங்கள், கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்த பின்னரும் ஒரு காரணத்தை உறுதியாகச் சுட்டிக்காட்ட இயலவில்லை. 'காரணம் தெளிவற்ற' என்னும் அடைமொழியைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் நோய் அது.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வாரத்தில் மூன்று தடவை என்று வைத்துக்கொண்டால் ஆண்டில் 156 நாட்கள் அவருக்கு வைத்தியசாலை நாட்களே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் அவ்வியந்திரம் விடுமுறை கொடுப்பதில்லை. தவறவிட்ட தடவைக்குரிய நஞ்சும் நீரும் உடம்பிலேயே தேங்கி நிற்கும். பண்டிகைச் சாப்பாட்டிலும் அவருக்குப் பங்கில்லை. வாழைப்பழம், பலாப்பழம், இளநீர் யாவும் பொட்டாசியம் மிகுந்தவை. அதனை வெளியேற்ற முடியாத உடம்பிலே அது இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடவும் கூடும். பங்குனி வெயிலில் தாகமெடுத்தாலும் தண்ணீரை அளந்தே குடிக்க வேண்டும். இத்தகையவர்கள் ஒரே முறைநாளில், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களிலே ஆண்டுக்கணக்கில் சந்திக்கின்றனர். உறவினரைவிட அதிகமாக ஒருவரையொருவர் காண்கின்றனர். அவர்களிடையேதான் மேற்கூறிய வாழ்த்தும் வீட்டுச் செய்தியும் நிகழ்கின்றன.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்குச் சொல்லும் நல்வாக்கு பொய்யா?

இவ்வினாவை உலக இலக்கியத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் டால்ஸ்டாய். 1886இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் அவருடைய குறுநாவலில், செத்துக்கொண்டிருக்கும் நீதிபதியை மிகவும் வதைப்பது உடல்வலி மட்டுமன்று. தன்னைச் சூழ்ந்துள்ளோரின் பொய்யே. அவர் வெறுமனே சுகவீனமாயிருக்கிறார், சொற்படி நடந்தால் தேறிவிடுவார் என மனைவியும் வைத்தியரும் நண்பரும் நடிக்கின்றனர். பொய் சொல்லாதவன் கெராசிம் என்னும் ஏழை வேலைக்காரன் ஒருவன்தான். எசமானின் கால்களை இரவு முழுவதும் தன் தோளில் தாங்கிக்கொண்டிருக்கும் அவன், எல்லோரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும், இந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டால் என்ன என்ற கருத்திலே பேசுகிறான். வரவேற்பறை நாகரிகம் பொய்யைத் தருகின்றது. உழைக்கும் கை உண்மையைத் தருகின்றது. டால்ஸ்டாயின் இப்பாகுபாடு வர்க்கப் பாகுபாடுமாகும் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறாரே எனச் சிலர் கேட்கலாம். அக்கருத்து எத்தனையோ தருணங்களுக்குப் பொருந்தும். ஆயின் நோயாளியின் கட்டிலருகே அதனைக் கொண்டுவரும்போது ஒரு கேள்வி எழுகின்றது: நன்மை எது என்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் சுகதேகியே தீர்மானிக்கிறார். உண்மையைத் தாங்கும் வலு உனக்கில்லை, ஆகையால் உனக்காக நான் பொய் சொல்கிறேன் என்ற எண்ணம் அதிலே அடங்கியுள்ளது. அது இரக்கமாக இருக்கலாம். சமத்துவமாக இருக்க முடியாது. வைத்தியசாலையில் சுகதேகி கூறும் வாழ்த்து நோயாளியின் காதிலே வெறுமையாய் ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

நோயாளரிடையே அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஏமாறுபவர் ஒருவர் இல்லாதவிடத்துப் பொய் நிகழ முடியாது. அவ்வாறாயின் அங்கே நிகழ்வது யாது?

இதற்கு விடை காணத் தமிழிலக்கணம் எமக்குத் துணை செய்கின்றது. 'வாழ்கிறாய்' என்பது கூற்று. 'வாழ்வாய்' என்பதும் கூற்று. இரண்டும் காலம் காட்டுவன. ஆதலால் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கத்தக்கன. 'வாழ்க' என்பதோ வியங்கோள். அது காலம் காட்டுவதில்லை. காலங் காட்டாத சொல்லை எந்தக் காலமும் பொய்ப்பிக்க முடியாது. அது வருவதை முன்னறிந்து கூறும் சோதிடமன்று. கூறுபவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை அறிவிக்கும் சொல். உன் வாழ்வின் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பதே அதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு. வியங்கோள் தன்மையோடும் முன்னிலையோடும் பெரும்பாலும் பொருந்தி வருவதில்லை என்பது தொல்காப்பியர் கூற்று. படர்க்கையே அதற்குச் சிறப்பிடம். அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட நன்னூலாரோ மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் அதனைப் பொதுவாக்கினார். அவன் வாழ்க, நீ வாழ்க, யாம் வாழ்க; ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒருவருக்கும் பலருக்கும் சொல் ஒன்றே. எட்ட நிற்கும் ஒருவரை நோக்கிய வாழ்த்து எதிரே நிற்பவருக்கும், பின் தமக்கும் உரியதாயிற்று. இது மொழி வழக்கின் வளர்ச்சி. இதிலிருந்து சமுதாய வரலாற்றை வருவிக்க நாம் முற்படவில்லை. ஆயினும் நோயாளர் கூட்டத்திலே வழங்கும் வாழ்த்து நன்னூலார் கண்ட இவ்விரிவைப் பயன்படுத்துகின்றது. அங்கே ஒருவர் இன்னொருவரை வாழ்த்தும்போது தம்மையும் சேர்த்தே வாழ்த்துகிறார். வவுனியா வைத்தியசாலை போன்ற இடங்களிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வரிசையில் காத்திருக்கின்றனர். சித்திரையில் அங்கே 'சுப அலுத் அவுருத்தக் வேவா' என்று ஒரு சிங்களத் தாய் கூறுவாளாயின், அந்த 'வேவா' என்பதும் 'ஆகுக' என்னும் வியங்கோளே. அரசியலிலே ஒன்றாத இரண்டு மொழிகள் இவ்விடத்தில் ஒரே இலக்கணத்தால் பேசுகின்றன.

ஆயினும் பொய்யில்லை என்பதனால் மாத்திரம் ஒரு சொல் நன்மையாகிவிடாது. பொய்யுமின்றி மெய்யுமின்றி வெறுமையாகவும் அது இருக்கலாம். அமைச்சரின் வாழ்த்தும் வியங்கோள்தானே? வேறுபாடு எங்கே உள்ளது? சொல்லின் பின்னே ஒரு கை உள்ளதா என்பதிலேதான் உள்ளது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட இருவர் வருடப் பிறப்பன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வாறிருக்கும்:

"அண்ணை, இந்த வருசம் முதுகிலை புண் வராமல் இருக்கவேணும்."

"உனக்கும் அப்பிடித்தான் தம்பி. கதிரையிலை இருக்கேக்கை இடைக்கிடை கையை ஊண்டி எழும்பிக்கொள். பிள்ளையின்ரை சோதினை என்ன மாதிரி?"

இவ்வாழ்த்து எல்லா வளமும் பெறுக என்று வானத்தை அளக்கவில்லை. இருவர் கைக்கும் எட்டக்கூடிய ஒன்றை அது விரும்புகின்றது. விரும்பிய கணமே அதற்கு வழியும் சொல்கின்றது. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். நோயுற்றவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவர் எண்ணியமை எண்ணி வியக்கத்தக்கது. நோயாளர் தாமே அமைத்துக்கொண்ட கூட்டத்திலே முதற்கூறும் நான்காங்கூறும் ஒருவரிடத்தே பொருந்துகின்றன. நோயுற்றவனே அருகிருப்பவனுமாகிறான். அவனுடைய வாழ்த்துக்கு வலிமை வருவது இதனாலேயே.

இனி இரண்டாவது வினா. வீட்டுச் செய்தியைச் சொல்லலாமா?

வீட்டுச் செய்தி என்பது அற்பமானது எனக் கருதுவோர், அது மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றை அறிய வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே கார்வில் என்னுமிடத்தில் 1894இல் தொழுநோயாளருக்கென ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு கொண்டுசெல்லப்பட்டோர் பலர் வாயிலிலேயே தம் பெயரைத் துறந்து வேறு பெயர் சூடிக்கொண்டனர். ஊரிலுள்ள குடும்பத்துக்கு இழுக்கு வரக்கூடாதென்பதே காரணம். அவர்களுள் ஒருவர் சிட்னி லெவிசன். ஸ்ரான்லி ஸ்ரைன் என்னும் புதுப் பெயரே உலகுக்குத் தெரிந்தது. அவர் 1931இல் நோயாளருக்கென அங்கு ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1941 முதல் அது 'நட்சத்திரம்' எனப் பொருள்படும் பெயருடன் வெளிவந்தது. பெயரை மாற்றியவன் தன் தாயின் சுகத்தைப் பிறரிடம் கேட்க முடியாது. தங்கையின் திருமணத்தைப் பிறருக்குச் சொல்ல முடியாது. நோய் அவனுடைய விரல்களைத் தின்னுமுன் சமுதாயம் அவனுடைய உறவைத் தின்றுவிட்டது. பத்திரிகை மூலம் அவர்கள் மீட்க முயன்றது இதனைத்தான்.

வன்னியிலும் குடும்பச் செய்தியின் விலை அறியப்பட்டதே. போர்க்காலத்தில் பாதைகள் அடைபட்டபோது, பிரிந்த உறவினரிடையே செஞ்சிலுவைக் குழு கொண்டுசென்ற செய்தித் தாள்கள் பலருக்கு நினைவிருக்கும். உறையிடாத அத்தாளில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், வேறொன்றும் எழுதலாகாது. 'நாங்கள் சுகம், நீங்கள் சுகமா' என்ற நான்கு சொல்லுக்காக மக்கள் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். 2009 பெப்ரவரி முதல் மே வரை, அக்குழு புதுமாத்தளன் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பல் வழியாக வெளியேற்றிய காயமடைந்தோர், நோயாளர், அவர்தம் துணையாளர் ஆகியோரின் தொகை 13,000க்கும் மேலாகும். கப்பலேறியவர் ஒருபுறம், கரையிலே நின்ற குடும்பத்தார் மறுபுறம். பின்னர் செட்டிகுளம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது, எவர் எங்கே உள்ளார் என்பதே முதற் செய்தியாயிற்று. அச்செய்தி சிலருக்கு இறுதிவரை வரவேயில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய போராட்டம் சித்திரை பல கடந்தும் நீண்டது.

இத்தகைய மண்ணிலே, 'வீட்டில் எல்லோரும் சுகமோ' என்ற சாதாரண விசாரிப்பே கத்தியின் முனைபோன்றது. எனவே வீட்டுச் செய்தியைப் பேசாமல் விடுவதே நாகரிகம் என்பது ஒரு சாரார் கருத்து. மகள் வீட்டிலே குழந்தை பிறந்ததை, பிள்ளையற்றவர் முன்னே ஏன் சொல்ல வேண்டும்? கனடாவிலுள்ள மகன் பணம் அனுப்பியதை, அனுப்ப எவருமில்லாதவர் முன்னே ஏன் சொல்ல வேண்டும்? இதனை எளிதிலே தள்ளிவிட முடியாது. பிறர் துயரத்தின்முன் தம் இன்பத்தைப் பரப்பிக் காட்டுவது பண்பன்று.

ஆயின் பேசாமல் விடுவதன் விளைவையும் எண்ண வேண்டும். வைத்தியசாலைக் கோவையிலே நோயாளியின் எடை இருக்கும். குருதியிலுள்ள கிரியற்றினின் அளவு இருக்கும். அடுத்த தவணை நாள் இருக்கும். அவன் ஒரு தந்தை, ஒரு தாய்மாமன், மாரியில் குளத்து வான் பாயும்போது மீன் பிடிக்கத் தெரிந்தவன் என்பவை இரா. அவற்றை அறிந்துகொள்ள அவனோடு வீட்டைப்பற்றிப் பேசுவதைவிட வேறு வழியில்லை. நோயாளர் தமக்குள்ளும் நோயை மட்டுமே பேசுவாராயின் கோவையிலுள்ள மனிதனாகவே ஒவ்வொருவரும் குறுகிவிடுவர். மேலும், இவர் பிள்ளைகளை இழந்தவர், ஆகையால் இவரிடம் பிள்ளைகளைப்பற்றிப் பேசக்கூடாது என்று மற்றவர்கள் கூடி முடிவு செய்வது, முன்னே நாம் கண்ட அதே ஏற்றத்தாழ்வாகும். துயருற்றவரைத் துயரத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டுதல் அது. கணவனை இழந்த பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வரவிடாது ஒதுக்கிய எமது பழைய சமுதாயமும், அவள் மனம் நோகும் என்றே காரணம் கூறியது. அந்தக் 'கருணை'யின் கொடுமையை எதிர்த்துப் பேசிய நாம், கட்டிலருகே அதனையே கடைப்பிடிக்கலாமா?

எனவே வழி மௌனமன்று, கேட்டலே வழி. தன் செய்தியைச் சொல்பவர் பிறர் செய்தியைக் கேட்கும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு விடையாகப் பேரப்பிள்ளையின் பிறப்பு வரலாம். 'இன்னும் ஒரு தகவலும் இல்லை' என்பதும் வரலாம். செய்தி இல்லை என்பதும் ஒரு குடும்பச் செய்தியே. வராத மகனின் பெயரையும் பிறந்த பேரனின் பெயரையும் ஒரே அறையில், ஒரே பொழுதில் சொல்லக்கூடிய கூட்டம் எதுவோ அதுவே உண்மையான சுற்றம். இன்பச் செய்திக்கு மட்டும் இடமுள்ள கூட்டம் விழாப் பந்தல். துன்பச் செய்திக்கு மட்டும் இடமுள்ள கூட்டம் சாவீடு. மனிதர் இரண்டிலும் நெடுங்காலம் வாழ முடியாது.

நோயாளர் கூட்டத்துக்கு மட்டும் உரிய ஒரு கடுமையான செய்தியையும் இங்கு மறைக்கக்கூடாது. சென்ற சித்திரையில் வாழ்த்தியவர் இச்சித்திரையில் இல்லாதிருக்கலாம். அவருடைய கட்டிலில் வேறொருவர் இருப்பார். அப்போது சென்ற ஆண்டின் வாழ்த்து பொய்த்துவிட்டது என்று கூறலாமா? வியங்கோள் காலங் காட்டாது என்று முன்னே கூறினோம். அவர் வாழ்க என்று விரும்பியதும் அதற்காக அருகிருந்ததும் நிகழ்ந்த செயல்கள். அவரது இறப்பு அவற்றை அழிப்பதில்லை. ஆயின் இருப்பவர்க்கு அது ஒரு கடனை விட்டுச் செல்கின்றது. இறந்தவரின் பெயரைச் சொல்வதும், அவருடைய பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனரா என்று விசாரிப்பதும் அக்கடனாகும். சங்கத்தின் வாழ்த்துக்கும் தனியொருவரின் வாழ்த்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகின்றது. வாழ்த்தியவர் இறந்தாலும் சங்கம் விசாரித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வினா எமது வாசகர்கள் பலரின் உள்ளத்தில் முதலிலேயே எழுந்திருக்கும். இவையெல்லாம் ஆறுதல்தானே? புண்ணுக்கு நீர்மெத்தை வேண்டும்; குருதி சுத்திகரிக்க இயந்திரம் வேண்டும்; கிராமத்துக்கு நல்ல குடிநீர் வேண்டும்; ஊன்றி எழ வலுவான சக்கர நாற்காலி வேண்டும். இவற்றைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கும் சமுதாயத்துக்கும் உரியது. நோயாளர் தமக்குள் வாழ்த்திக்கொண்டு ஆறியிருந்தால் பொறுப்புள்ளவர்கள் நிம்மதியாக உறங்கலாமல்லவா?

இவ்வச்சத்தில் நியாயம் உண்டு. 'அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஆதரவாக இருக்கிறார்கள்' என்று மேடையிலே புகழ்ந்துவிட்டு வரவு செலவுத் திட்டத்திலே மறந்துவிடுவது ஆட்சியாளர்க்குக் கைவந்த கலை. ஆயின் ஆறுதலும் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று பகையானவை என்னும் முடிவை வரலாறு ஏற்றுக்கொள்ளவில்லை. கார்வில் நோயாளருக்கு வாக்குரிமை கிடையாதிருந்தது. அவர்கள் இடைவிடாது எழுதியும் கேட்டும் 1946இல் அதனை மீளப் பெற்றனர். ஒருவர் பெயரை ஒருவர் அறியாத கூட்டம் அதைக் கேட்டிருக்க முடியாது. இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் 1944இல் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கிய வைத்தியர் லுட்விக் குட்மன், இனிப் பிழைக்கார் என்று கைவிடப்பட்ட போர்வீரரை முறைப்படி புரட்டிப் படுக்கவைத்தார். தொழிலும் விளையாட்டும் பழக்கினார். 1948 யூலை 29ஆம் நாள் அங்கே பதினாறு பேர் சக்கர நாற்காலியிலிருந்து அம்பெய்தனர். பரா ஒலிம்பிக் எனப்படும் பெருவிழா வளர்ந்தது அப்பதினாறு பேரிலிருந்துதான். மருந்தும் தோழமையும் இரு வேறு துறைகளல்ல என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ?

எமது சிறுநீரக நோயை ஒத்த நோய் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரையும் வாட்டுகின்றது. நிக்கராகுவாவின் சிச்சிகல்பாப் பகுதியில் நோயுற்ற முன்னாள் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு, தோட்ட நிறுவனத்துக்குக் கடன் வழங்கிய உலக வங்கிக் குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகத்திலே 2008இல் முறையிட்டனர். அதன் பயனாகப் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கு சென்று நோயின் காரணங்களைத் தேடலாயினர். அத்தகைய சங்கம் எங்கிருந்து பிறக்கின்றது? ஒருவர், 'என் தமையனுக்கும் இதே நோய்' என்கிறார். இன்னொருவர், 'என் தகப்பனும் அண்டை வயற்காரனும் இதனாலேயே போனார்கள்' என்கிறார். மூன்றாமவர், 'எங்கள் வீட்டுக் கிணறும் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேதான்' என்கிறார். வீட்டுச் செய்தி மூன்று வாய்களிலிருந்து வரும்போது அது வீட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை, பொதுச் செய்தியாகின்றது. தன் வினைப்பயன் என்று எண்ணியிருந்த நோயை, தன் உழைப்பின் இடத்திலிருந்தும் குடிக்கும் நீரிலிருந்தும் வந்திருக்கக்கூடியதாக அவன் எண்ணத் தொடங்குகிறான். விதி என்ற சொல் விலகி வினா என்ற சொல் வருகின்றது. இலங்கையிலே 2015இல் கிளைபோசேற்றுக் களைநாசினிக்கு அரசு தடை விதிக்க நேர்ந்ததற்குப் பின்னணியாக நின்றது இச்சிறுநீரக நோய் பற்றிய மக்களின் அச்சமே. அத்தடை அறிவியல்வழிச் சரியானதா என்ற விவாதம் வேறு. நோயுற்றோரின் துயரம் நாட்டின் வினாவாக மாறக்கூடும் என்பதே இங்கு நாம் கொள்ளும் பொருள்.

ஆயினும் எல்லா வாழ்த்தும் கோரிக்கையாக மாறியே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. வாழ்த்தை அதன் பயனுக்காக மட்டும் மதிப்போமாயின், நாமும் நோயாளியைக் கருவியாகக் கண்டவராவோம். சங்கத்துக்கு வரமுடியாத, எதையும் கோரும் வலுவற்ற, சாவை நெருங்கிய ஒருவரின் தலைமாட்டில் இருந்து, 'அக்கா, வருசம் பிறந்திட்டுது' என்று சொல்லும் சொல்லால் எவ்வித மாற்றமும் விளையாது. எனினும் அது சொல்லப்பட வேண்டும். நீதி வேண்டுவதெல்லாம் இறுதியில் இத்தகைய மனிதருக்காகவே அன்றி வேறெதற்காக?

ஈழத்துத் தமிழரின் வருடப் பிறப்பிலே ஒரு வழக்கம் உண்டு. புண்ணிய காலத்திலே தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், சுக்கு முதலியன சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரை வீட்டுக்கு மூத்தவர் ஒவ்வொருவர் தலையிலும் வைப்பார். அதன்பின்னரே நீராட்டமும் புத்தாடையும் கைவிசேடமும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நேரத்திலே வேறுபாடு வரலாம், மருத்துநீரிலே வேறுபாடில்லை. சடங்கில் எமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆயின் ஆண்டின் முதற் செயலாகச் சுகதேகியின் தலையிலும் நோயாளியின் தலையிலும் ஒரே மருந்தை வைத்த எம் முன்னோர், உடம்புடையோர் யாவரும் நோய்க்கு உரியவர் என்பதை ஒப்புக்கொண்டிருக்கின்றனர். சுகதேகி என்று தனிச் சாதியொன்று இல்லை. இன்று அருகிருப்பவர் நாளை கட்டிலில் இருப்பார்.

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பிலே வாழ்த்துக் கடிதம் எழுதப் பழக்குகின்றோம். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும்படி சொல்லிக் கொடுக்கின்றோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எமது வகுப்பறைகளிலே இருக்கும் பிள்ளைகளில், தகப்பனின் முதுகைத் தினமும் பார்த்து மருந்து கட்டிவிட்டு வருபவரும் உளர். தாயை வாரந்தோறும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்பவரும் உளர். அப்பிள்ளைகளுக்கு அத்தொடரின் முதற் சொல் பொருந்தாதிருக்கலாம். இரண்டாம் பகுதி எவருக்கும் பொருந்தும். நலமறிய ஆவல் கொள்வதற்குத் தான் நலமாயிருக்க வேண்டியதில்லை. கட்டிலிற் கிடப்பவராலும் அது இயலும். அவர்களால் இயலும்போது, நடமாடித் திரியும் எம்மால் இயலாதா?

இவ்வாண்டு எவருக்கேனும் வாழ்த்துக் கூறுவோமாயின், கூறியபின் சிறிது பொறுத்து, அவர் வீட்டுச் செய்தியைக் கேட்போம். கேட்ட செய்தியில் எமது கைக்கு எட்டுவது ஏதேனும் இருந்தால் அதனைச் செய்வோம். எட்டாததாயின் அதனை எட்டச் செய்யப் பிறரோடு சேருவோம். அவ்வாறு செய்வதற்கு ஆயத்தமில்லாதவிடத்து, வாழ்த்தாமல் விடுவதே வாய்மை.